பழைய களிம்பா, புது லேசரா?

கேள்வி: எனக்கு வயது 57. மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. நாலு வருடமாகக் கீழே, அந்த இடத்தில், தாங்க முடியாத அரிப்பு. ராத்திரியில்தான் அதிகம். பூஞ்சை என்று சொல்லி மாத்திரையும் க்ரீமும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். போன வருடம் ஒரு டாக்டர் சின்னத் துண்டு எடுத்துப் பரிசோதித்து ‘லைக்கன் ஸ்க்ளிரோசஸ்’ என்றார். குளோபெட்டசால் களிம்பு எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரரோ, ‘இது ரொம்பப் பவரான ஸ்டீராய்டு, அந்த இடத்தில் போடவே கூடாது’ என்றார். டியூபோடு வந்த தாளிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. பத்து நாள் போட்டேன், அரிப்பு நின்றது, பயந்து நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்தில் திரும்பி வந்துவிட்டது. லேசரும் பிஆர்பி ஊசியும் சேர்த்துச் செய்தால் நிரந்தரமாகத் தீரும், அதுதான் புதிய ஆராய்ச்சி என்று மகள் இணையத்தில் பார்த்துச் சொல்கிறாள். செலவு அதிகம். செய்துகொள்ளலாமா? இது புற்றுநோயாக மாறுமா? மகளுக்கும் வருமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் கேட்ட கேள்விகளைவிட, நடுவில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: ‘பத்து நாள் போட்டேன், அரிப்பு நின்றது, பயந்து நிறுத்திவிட்டேன்.’ அந்தக் களிம்பு உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. பத்தே நாளில் அரிப்பை நிறுத்திய மருந்து அது. சிகிச்சை தோற்கவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. லேசருக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

முதலில் அந்த மருந்துக்கடைக்காரர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது வேறு நோய்க்கான நியாயம். தொடை இடுக்கில் படர்தாமரை வந்தவர்கள் சீட்டு இல்லாமலே ஸ்டீராய்டு கலந்த க்ரீமை வாங்கிப் பூசி, பூஞ்சையும் அடங்காமல் தோலும் மெலிந்து வரிவரியாகப் பிளந்து வருவது நம் ஊரில் தினசரிக் காட்சி. 2018-இல் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ பட்டியலில் சேர்த்தது இதனால்தான். டியூப் தாளில் உள்ள எச்சரிக்கையும் பொதுவான தோல் நோய்களை மனதில் வைத்து எழுதியது. லைக்கன் ஸ்க்ளிரோசஸ் அதற்கு விதிவிலக்கு. இந்த நோய்க்குப் பெண்ணுறுப்பின் வெளிப்பகுதியில் போட வேண்டிய முதல் மருந்தே 0.05% குளோபெட்டசால் என்று பிரிட்டன் தோல் மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் சொல்கிறது. 2024-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலிலும் முதல் இடம் வீரியமான ஸ்டீராய்டு களிம்புக்குத்தான். மருத்துவர் சீட்டில் நோயின் பெயரையும் ‘வெளிப்பகுதியில் மட்டும், மூன்று மாதம்’ என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டால் கடையில் இந்தப் பேச்சு எழாது. எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு தோலைக் கரைத்துவிடாதா? இந்த நோயில் தோலைக் கெடுப்பது நோய்தான். உடலின் எதிர்ப்பு சக்தி அந்த இடத்துத் தோலையே தாக்குகிறது. மேல்தோல் மெலிந்து சிகரெட் தாள் மாதிரி சுருங்குகிறது, அடியில் தழும்புத் தசை போல இறுகுகிறது, நிறம் வெளுக்கிறது. வெண்புள்ளியிலும் நிறம் வெளுக்கும், ஆனால் அதில் தோலின் தன்மை மாறாது, பெரும்பாலும் அரிப்பும் இருக்காது. அழற்சியை அடக்கினால்தான் தோல் திரும்பவும் மிருதுவாகும். உள் இதழ்களிலும், மேல்முனையில் உள்ள சிறு மொட்டான கிளிட்டோரிஸைச் சுற்றியும் உள்ள ஈரத்தோல் ஸ்டீராய்டை நன்றாகத் தாங்கும். மெலிவது பக்கத்தில் உள்ள சாதாரணத் தோல்: முடி உள்ள வெளி இதழ், தொடை மடிப்பு, ஆசனவாயைச் சுற்றிய இடம். ஆகவே பயப்பட வேண்டியது மருந்தின் பெயரைப் பார்த்து இல்லை, அது எங்கே வழிந்து போகிறது என்பதைப் பார்த்து.

போடும் முறைக்கு வருகிறேன். முதல் மாதம் தினம் இரவு ஒரு முறை. இரண்டாம் மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள். மூன்றாம் மாதம் வாரத்துக்கு இரண்டு முறை. ஒரு தடவைக்கான அளவு, சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய ஒரு கோடு; அது ஏறக்குறைய அரை கிராம். நோய் பரவியிருக்கும் இடம் சிறிதென்றால் அதில் பாதி போதும். மூன்று மாதத்தையும் கூட்டினால் 53 தடவை, அதாவது 27 கிராமுக்குள். எனவே 30 கிராம் டியூப் ஒன்று மூன்று மாதம் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் அதிகம் போடுகிறீர்கள். மூன்று மாதம் முடிந்தும் முக்கால் டியூப் மீதம் இருந்தால் பயத்தில் தொட்டுத் தடவியிருக்கிறீர்கள்; இரண்டாவதுதான் நான் அதிகம் சந்தேகிப்பது.

கண்ணாடி இல்லாமல் போடாதீர்கள். கையளவுக் கண்ணாடியைக் கட்டிலில் வைத்து, நல்ல வெளிச்சத்தில், வெளுத்த இடம் எது என்று முதலில் கண்ணால் பாருங்கள். தடவிப் பார்த்து ஊகித்துப் போடுகிறவர்கள் பெரும்பாலும் வெளி இதழில்தான் பூசிவிடுகிறார்கள். நோய் இருக்கும் இடத்துக்கு மருந்து போவதே இல்லை. பொதுவாக அது கிளிட்டோரிஸைச் சுற்றித் தொடங்கி, உள் இதழ்களின் இரு பக்கமும் இறங்கி, யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் உள்ள தோலைக் கடந்து, சிலருக்கு ஆசனவாயையும் சுற்றி, எட்டு போட்டது மாதிரி இருக்கும். யோனிக்கு உள்ளே இந்த நோய் வருவது மிக அபூர்வம், அதனால் உள்ளே போட வேண்டாம். குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் உலர்ந்த பிறகு போடுங்கள். அரை மணி நேரம் கழித்து மேலே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

கடையில் டியூபைத் திருப்பிப் படிக்காமல் வாங்கக் கூடாது. குளோபெட்டசால் என்று பெரிதாக எழுதி, கீழே சிறிய எழுத்தில் சாலிசிலிக் அமிலம் என்று போட்டிருக்கும். அது உள்ளங்கால், உள்ளங்கைத் தடிப்புக்கானது, இங்கே பட்டால் எரித்துவிடும். நியோமைசின், மைக்கோனசால் கலந்தவையும் உண்டு. நியோமைசின் ஒவ்வாமையைக் கிளப்பினால், அரிப்பு நோயாலா மருந்தாலா என்று பிரித்துப் பார்க்கவே முடியாமல் போகும். குளோபெட்டசால் மட்டும் உள்ளது வேண்டும். அதிலும் க்ரீமைவிடக் களிம்பு நல்லது, க்ரீமில் சேர்க்கும் பதப்படுத்திகள் வெடிப்பில் பட்டால் எரியும். களிம்பு கிடைக்காத ஊரில் க்ரீம் போட்டு எரியவில்லையென்றால் அதையே தொடரலாம். முதல் சில நாள் வெடிப்புள்ள இடத்தில் சுருக்கென்று இருப்பது சகஜம். ஒரு வாரம் கழித்தும் எரிச்சல் கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நடுவில் தயிர் போல வெள்ளைப்படுதல் வந்தால் அது நிஜமான பூஞ்சைத் தொற்று. ஸ்டீராய்டு போடும்போது சிலருக்கு வரும். சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். அதற்கான மருந்தை எடுத்துக்கொண்டு களிம்பைத் தொடர வேண்டும். சர்க்கரை இல்லாத, ஹார்மோன் எடுக்காத, மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் திரும்பத் திரும்பப் பூஞ்சை வருவது அபூர்வம். நாலு வருடம் உங்களுக்கு அந்த மாத்திரைகள் கேட்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

வேப்பிலைத் தண்ணீர், மஞ்சள், கிருமிநாசினி, வாசனைச் சோப்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும். தும்மும்போது சிறுநீர் கசிகிற பிரச்சினை இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிறுநீர் படுவது இந்தத் தோலுக்கு ஆகாது. நாள் முழுக்க ஈரமான பேடோடு இருந்தால் எந்தக் களிம்பும் தடுமாறும்.

மூன்று மாதம் முடிந்ததும் நோய் தீர்ந்துவிடுமா என்றால், இல்லை. இது சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி அடக்கி வைக்கிற நோய். ‘நிரந்தரமாகத் தீரும்’ என்று யார் சொன்னாலும், அது எந்தச் சிகிச்சையாக இருந்தாலும், அங்கேயே எச்சரிக்கையாகிவிடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அதன் பிறகு வருடத்துக்கு 30 முதல் 60 கிராம் வரை களிம்பு தேவைப்படுகிறது. அரிப்பு தலைகாட்டும்போது மட்டும் போடுவதா, அரிப்பு இல்லாவிட்டாலும் வாரத்துக்கு இரண்டு முறை விடாமல் போடுவதா என்பது மருத்துவர்களுக்குள்ளேயே ஓயாத விவாதம். பிரிட்டனில் ‘பேர்ல்ஸ்’ என்ற ஆய்வு இந்த ஒரு கேள்விக்காகவே வடிவமைக்கப்பட்டது. விடாமல் போடுவதுதான் சரி என்பது என் சாய்வு. அதற்குக் காரணம் ஒரு ஆஸ்திரேலிய ஆய்வு. உங்கள் புற்றுநோய்க் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

சிட்னியில் 2008 முதல் 2014 வரை இந்த நோயுள்ள 507 பெண்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தோலின் நிறமும் மென்மையும் இயல்புக்கு வரும்வரை வீரியமான களிம்பு, பிறகு தேவைக்கேற்பக் குறைத்துத் தொடர் சிகிச்சை. சராசரியாக ஒவ்வொருவரையும் ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாகக் கண்காணித்தார்கள். சொன்னபடி போட்டவர்கள் 357 பேர். விட்டு விட்டுப் போட்டவர்கள் 150 பேர். சொன்னபடி போட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் புற்றுநோயோ அதன் முன்நிலையோ வரவில்லை. விட்டு விட்டுப் போட்டவர்களில் 7 பேருக்கு வந்தது. இதழ்கள் ஒட்டிக்கொள்வதும் தழும்பு கூடுவதும் முதல் கூட்டத்தில் 3.4%, இரண்டாவதில் 40%. நீங்கள் பயந்த தோல் மெலிவு இரண்டு பக்கமும் நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான். அதுவும் மருந்தைக் குறைத்ததும் சரியானது.

இந்த ஆய்வுக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். யார் ஒழுங்காகப் போட வேண்டும் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை; அவரவர் நடந்துகொண்ட விதத்தை வைத்துப் பிரித்தார்கள். ஒழுங்காக மருந்து போடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருந்திருக்கலாம். ஆனாலும் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை இல்லாமல் விட்டாலும் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்கே இது புற்றுநோயாகிறது. ஆறாத புண், ஒரே இடத்தில் கெட்டியாகும் தடிப்பு, கட்டி, ரத்தக் கசிவு, களிம்புக்கு அடங்காமல் ஒரே புள்ளியில் நிற்கும் அரிப்பு - இவற்றில் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் நீடித்தால் மறுபடி பயாப்சி, அதாவது சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை காட்டுங்கள்.

இப்போது உங்கள் மகள் பார்த்த புதிய ஆராய்ச்சி. பிஆர்பி என்பது உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த பகுதியைப் பிரித்து, அந்த இடத்தில் ஊசியாகப் போடுவது. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கோல்ட்ஸ்டீன் என்ற மருத்துவரின் குழு 2017-இல் 15 பெண்களுக்கு இதைப் போட்டு, அழற்சி குறைந்ததாக எழுதியது. விளம்பரங்கள் பேசுவது இந்த மாதிரி முடிவுகளைத்தான். அவர்களே அதோடு நிற்கவில்லை. 2019-இல் வெளியிட்ட அடுத்த ஆய்வில் 19 பேருக்குப் பிஆர்பி, 10 பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. பயாப்சியில் பார்த்தபோது பிஆர்பி பெற்றவர்களில் 5 பேருக்கு அழற்சி குறைந்திருந்தது. உப்புநீர் பெற்ற 10 பேரிலும் 5 பேருக்குக் குறைந்திருந்தது! ஒரே குழு, ஒரே ஊசி; ஒப்பிட ஆள் வைத்ததும் பலன் காணாமல் போய்விட்டது. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வில் எதைப் போட்டாலும் கொஞ்சம் குணமானது போலத் தோன்றும்.

லேசரின் கதை இவ்வளவு நேராக இல்லை. கார்பன் டை ஆக்சைடு லேசரை 52 பெண்களிடம் குளோபெட்டசாலோடு ஒப்பிட்டு 2021-இல் வந்த ஒரு ஆய்வில், ஆறு மாதத்தில் லேசர் பக்கம்தான் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. ஆனால் யாருக்கு லேசர், யாருக்குக் களிம்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஆண்டில் இன்னொரு குழு 40 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு நிஜ லேசர், மறு பாதிக்கு லேசர் போலவே பாவனை செய்தது. ஆறு மாதத்தில் ஐந்து அமர்வுகள். பயாப்சியில் இரண்டு பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. களிம்புக்குப் பதிலாக லேசர் என்ற இடத்துக்கு இந்தச் சான்று போதவே போதாது. ‘யோனிப் புத்துணர்வு’ என்ற பெயரில் இந்தக் கருவிகளை விற்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூலையில் பகிரங்கமாக எச்சரித்தது: தீக்காயம், தழும்பு, நீடிக்கும் வலி. ஏற்கெனவே தழும்பாகிற நோய் உள்ள இடம் இது. இப்போது செய்துகொள்ள வேண்டாம் என்பதே என் பதில். களிம்பை முறையாக ஆறு மாதம் போட்டும் அடங்காவிட்டால் அப்போது மறுபடி பேசலாம். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது நோய்க்கணிப்பு சரியா, மருந்து சரியான இடத்தில் விழுகிறதா என்பதைத்தான்.

டாக்ரோலிமஸ் களிம்பு என்று ஒன்று இருக்கிறது, ஸ்டீராய்டு இல்லாதது. 58 பேரிடம் மூன்று மாதம் நேரடியாக ஒப்பிட்ட 2014 ஆய்வில் குளோபெட்டசாலே முந்தியது. ஸ்டீராய்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இரண்டாவது வரிசை மருந்தாக வைத்திருக்கிறோம், தொடக்கத்தில் எரியும். ஒரு காலத்தில் டெஸ்டோஸ்டிரோன் களிம்பு எழுதுவது வழக்கமாக இருந்தது, ஒப்பீட்டு ஆய்வுகளில் அதற்குப் பலன் தெரியவில்லை. 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு இந்த நோய்க்கான நல்ல ஆய்வுகளையெல்லாம் திரட்டியபோது உலகம் முழுவதிலும் தேறியது 7 ஆய்வுகள், மொத்தம் 249 பேர். குளோபெட்டசாலும், மொமெட்டசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டும் அதில் தேறின. எத்தனை பெண்கள் எத்தனை தலைமுறையாக வாய் திறக்காமல் சொறிந்துகொண்டு கிடந்தார்கள் என்று நினைத்தால் அந்த 249 என்ற எண் எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய புதுசு ஒன்று உண்டு: ‘ஜேக்’ தடுப்பான்கள். அழற்சிச் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் பாதையை இவை அடைக்கின்றன. ருக்ஸோலிட்டினிப் 1.5% க்ரீம் வெண்புள்ளிக்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே க்ரீமை லைக்கன் ஸ்க்ளிரோசஸுக்கும் மருந்தில்லாத க்ரீமோடு ஒப்பிட்டுச் சோதிக்க இரண்டாம் கட்ட ஆய்வு நடத்தியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அதே வகை மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்க வேண்டாம். உள்ளே உறங்கும் காசநோயை அது கிளப்பிவிடலாம்; நம் நாட்டில் அது சின்ன ஆபத்து இல்லை.

ஆராய்ச்சியில் சேருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் நல்ல விஷயம்தான், ஆனால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? ஒப்புதல் படிவம் தமிழில் இருக்கிறதா? சோதிக்கிற சிகிச்சைக்கு என்னிடம் பணம் வாங்குவீர்களா? மூன்றாவதுக்கு ‘ஆமாம்’ என்றால் அதன் பெயர் விற்பனை.

நீங்கள் எழுதாத ஒன்று. தாம்பத்தியத்தில் வலி இருக்கலாம். வாசல் சுருங்கியதால் வரும் வலியும், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியால் வரும் வலியும் வேறு வேறு. வறட்சிக்கு யோனிக்குள் போடும் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் தனியாகத் தேவைப்படலாம், களிம்பு அதைச் சரிசெய்யாது. சுருக்கத்துக்கு, அழற்சி அடங்கிய பிறகு, வாசலை மெல்ல விரிக்கும் ‘டைலேட்டர்’ கருவிப் பயிற்சி உண்டு; மிஞ்சினால் சிறு அறுவை சிகிச்சை. மறைந்துபோன உள் இதழ் திரும்ப வராது, வெளுப்பும் கொஞ்சம் நிற்கலாம். அதைப் பார்த்து மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். தோல் மிருதுவாகி, வெடிப்பு ஆறி, இரவில் தூக்கம் வந்தால் மருந்து வேலை செய்கிறது. இது தொற்றுநோயும் இல்லை, உங்கள் கணவருக்கு வராது. தைராய்டுக் கோளாறு இந்த நோய் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், களைப்போ எடை மாற்றமோ இருந்தால் ஒரு தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

மகளைப் பற்றி: பரம்பரைச் சாயல் கொஞ்சம் இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண் நோயாளிகளைக் கேட்டு 2010-இல் வெளிவந்த ஆய்வில் 12% பேரின் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்தது. அதாவது பெரும்பாலோருக்கு இல்லை. இப்போது அவருக்கு எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. பூஞ்சை மருந்துக்கு அடங்காத அரிப்பு எப்போதாவது வந்தால் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும். வெளுப்போ வெடிப்போ தெரிந்தால் உங்களைப் போல நாலு வருடம் காத்திருக்காமல் தோல் மருத்துவரிடம் போகட்டும். உங்கள் டியூபை மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். முன்கூட்டியே ஸ்டீராய்டு போட்டுவிட்டால் பயாப்சியில் நோய் பிடிபடாமல் போகலாம்.